‘மரபணு மாற்றம்’ என்றால் பரம்பரை நோயா? வாய்ப் புற்றுநோய் செல்லுக்குள் நடப்பது

தெருக்கோடி வீட்டு ஆச்சி மஞ்சள் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, பேத்தியின் கல்யாணப் பத்திரிகை என்றுதான் நினைத்தேன். பைக்குள் இருந்தது ஐயாவின் பயாப்ஸி அறிக்கை. ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் பினாங்குக் கடையில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம்: வெற்றிலையோடு கொட்டைப்பாக்கு, கூடவே ஒரு துண்டுப் புகையிலை. ஐம்பது ஆண்டுகளாக அதை இடது கன்னத்தில்தான் ஒதுக்கி வைப்பார். புண் வந்ததும் அதே இடது கன்னத்தில்.

ஆச்சியின் கவலை சிகிச்சையோடு நிற்கவில்லை. “மரபணு மாறியிருக்கிறது என்கிறார் டாக்டர். எங்கள் வளவில் யாருக்கும் இந்த நோய் கிடையாது தம்பி. ஐயாவின் பங்காளிகளிலும் கிடையாது. பேத்திக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். மரபணு நோய் என்று சம்பந்தி வீட்டில் காதில் விழுந்தால் என்ன ஆகும்?”

கல்லூரியில் பல ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். அந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு குழி இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மரபு என்ற சொல்லை உள்ளே வைத்துவிட்டோம். கேட்பவர் மனம் பாட்டன் பூட்டனிடம் போகாமல் வேறெங்கே போகும்? ஆச்சிக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் உடலில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. கன்னத்தின் உள்தோல், கல்லீரல், கண், மூளை எதை எடுத்தாலும் அதே முந்நூறு கோடி எழுத்துகள். புரதம் செய்யக் குறிப்பு வைத்திருக்கும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. எல்லாவற்றிலும் குறிப்பு ஒன்றே என்றால் கன்னம் ஏன் கல்லீரலாக இல்லை?

எங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விடை சொல்வது எளிது. முகப்பைத் தாண்டினால் வளவு என்கிற நடுமுற்றம். வளவைச் சுற்றி மகன்களுக்கென்று பிரித்துக் கொடுத்த அறைகள். அதற்குப் பின் இரண்டாங்கட்டு, சமையற்கட்டு. அறுபது அறை உள்ள வீட்டில் அன்றாடம் திறந்திருப்பது நாலோ ஐந்தோ. மற்றவை பூட்டிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம் வந்தால் ஒரு வரிசை திறக்கும், அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு வேறு வரிசை. ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விசேஷம், மற்றதில் காவலுக்கு ஒருவர் மட்டும். வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கட்டடம் என்றே தோன்றாது. கன்னச் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கட்டடம் ஒன்று, திறந்திருக்கும் அறைகள் வேறு.

பூட்டிய அறையைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துப் பயன்படுத்துவதற்குத்தான் மரபணு வெளிப்பாடு என்று பெயர். செல்லுக்குள் அது நடக்கும் விதத்தில் ஒரு பழைய கணக்குவீட்டின் ஒழுங்கு உண்டு. மூல ஏட்டை யாரும் அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் படியெடுத்துச் சமையல் செய்யும் தவசிப்பிள்ளையிடம் அனுப்புவார்கள். டி.என்.ஏ.யும் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. வெளியே போகும் சீட்டுக்கு தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். ரைபோசோம் என்ற தவசிப்பிள்ளை அதைப் படித்துப் புரதத்தைச் செய்து இறக்கிவிடும். சீட்டு நெடுநாள் இருக்காது. சில நிமிடங்களிலோ சில மணி நேரங்களிலோ கிழிந்துபோகும். ஆகவே இந்த நேரத்தில் எந்தச் சீட்டு எத்தனை கிடக்கிறது என்று எண்ணினால், செல் இப்போது எதில் மும்முரமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆய்வகங்களில் ‘வெளிப்பாடு கூடியது, குறைந்தது’ என்று பேசுவது பெரும்பாலும் இந்தச் சீட்டுக் கணக்கைத்தான்.

அறை என்றதும் திறப்பது, மூடுவது என்ற இரண்டு நிலைதான் மனத்தில் வருகிறது. உவமை அங்கே சற்று நொண்டுகிறது. செல்லில் ஒரு மரபணுவிலிருந்து ஒரு சீட்டும் வரலாம், ஆயிரம் சீட்டும் வரலாம். அளவுதான் முக்கியம். உப்பு இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பது குழம்பின் கதியைத் தீர்மானிப்பதில்லையா, அப்படி.

பூட்டும் சாவியும் பல வகை. சில புரதங்கள் டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்து படியெடுப்பைத் தொடங்கிவைக்கும். அவை சாவிக்கொத்து வைத்திருப்பவர்கள். மெத்தில் என்ற சிறு வேதிக்குழு டி.என்.ஏ. மேல் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் பெரும்பாலும் அடைபடும். ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. நூற்கண்டு போல ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றிக் கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதியைப் படிக்க முடியாது, தளர்த்தினால் படிக்கலாம்.

இனி ஐயாவின் கன்னத்துக்கு வருவோம். தலை, கழுத்துப் புற்றுநோய் என்று பொதுப்பெயர் சொன்னாலும், வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களின் உட்பூச்சில் தொடங்குவதுதான் பெரும்பாலானவை. பத்தில் ஒன்பது, செதிள் செல் என்ற தட்டையான செல் வகையில் வருபவை. இந்திய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்கிறது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 மதிப்பீடு.

நலமான கன்னத்தில் ஒரு செல்லின் வாழ்க்கை, படியேறுவது போன்றது. அடி அடுக்கில் பிறக்கிறது. அங்கே கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இரண்டு புரதங்களின் சீட்டுகள் மிகுதி. பிரிந்து பெருகும் உரிமை அங்கே மட்டும்தான். மேலடுக்குக்கு ஏற ஏற அந்தச் சீட்டுகள் குறைந்து, கெரட்டின் 4, கெரட்டின் 13 ஆகியவற்றின் சீட்டுகள் பெருகும். பிரியும் வேலை நின்று, தடுப்புச் சுவராக நிற்கும் வேலை தொடங்கும். சில வாரங்களில் உதிர்ந்து எச்சிலோடு போய்விடும். முதிர்வது, ஓய்வது, விலகுவது என்ற ஒழுங்கு முழுக்க மரபணு வெளிப்பாட்டின் ஒழுங்கு.

புற்றுநோயில் இந்தப் படிக்கட்டுதான் இடிகிறது. வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் கெரட்டின் 4, 13 குறைந்துபோவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. செல் மேலே ஏறியும் இளமையை விடுவதில்லை, பிரிந்துகொண்டே இருக்கிறது. ஐயாவின் அறிக்கையில் ‘நடுத்தர அளவில் முதிர்ந்த செதிள் செல் புற்று’ என்று ஒரு வரி இருந்தது. ஆச்சி அதைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அந்த அறிக்கையிலேயே சுவையான வரி அதுதான். நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, ‘இந்தச் செல்கள் தங்கள் பழைய தொழிலை இன்னும் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றன’ என்று எடைபோடுகிறார். நன்கு முதிர்ந்த கட்டியில் கெரட்டின் வட்டம் வட்டமாகச் சேர்ந்து முத்து போலத் தெரியும்; கெரட்டின் முத்து என்றே அதற்குப் பெயர். முதிராத கட்டியில் முத்து கிடையாது, முகமும் கிடையாது. சீட்டு எண்ணும் இயந்திரம் எதுவும் இல்லாமல், நுண்ணோக்கி வழியே கண்ணால் படித்த மரபணு வெளிப்பாடு அது. நூறாண்டுப் பழைய முறை. இன்றும் நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகளில் முடிவெடுப்பது இதை வைத்துத்தான்.

அப்படியானால் டாக்டர் சொன்ன ‘மாற்றம்’ எது? இங்கே இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏட்டின் எழுத்தே சிதைவது ஒன்று. அதைச் சடுதிமாற்றம் என்கிறோம். எழுத்து அப்படியே இருக்க, சீட்டின் எண்ணிக்கை மட்டும் தாறுமாறாவது இன்னொன்று. புற்றுநோயில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. எழுத்துப் பிழை ஒன்றிரண்டு இடத்தில் நேர்ந்தால், அதன் விளைவாக நூற்றுக்கணக்கான அறைகளின் பூட்டு மாறிவிடுகிறது.

டி.பி.53 என்ற மரபணு இதற்குப் பொருத்தமான சான்று. அது செய்யும் பி53 புரதம், ஐந்தொகை நேர்ப்படாமல் மறுநாள் கடையைத் திறக்க விடாத கணக்கப்பிள்ளை. டி.என்.ஏ.யில் சேதம் என்று தெரிந்தால் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு பல மரபணுக்களைத் திறக்கும். அவற்றில் ஒன்றான பி21 செல் பிரிவதை நிறுத்தும். சில சேதத்தைச் சரிசெய்யும். சரிப்படாது என்றால் செல்லைத் தானே மடியச் செய்யும் மரபணுக்களும் உண்டு. அமெரிக்காவில் 279 தலை, கழுத்துக் கட்டிகளை முழுமையாகப் படித்து 2015-இல் வெளியிட்டார்கள். வைரஸ் தொடர்பில்லாத கட்டிகளில் 84 விழுக்காட்டில் டி.பி.53 பழுதடைந்திருந்தது. கணக்கப்பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டால் கடையில் யார் எதைத் திறந்தாலும் கேட்க ஆளில்லை.

பிறகு வரிசையாக நடப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்ளின் டி1 என்ற, பிரிவை முடுக்கும் மரபணு பல கட்டிகளில் ஒன்றுக்குப் பல நகலாகப் பெருகிவிடுகிறது. ‘வளர்’ என்ற ஆணையை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வாங்கி, செல்லின் மேற்பரப்பில் அளவுக்கு மிஞ்சிக் குவிகிறது. ஒவ்வொரு பிரிவிலும் தேயும் குரோமோசோம் முனைகளை மீண்டும் நீட்டும் நொதி டெலோமெரேஸ்; வளர்ந்த உடலின் பெரும்பாலான செல்களில் மூடியே கிடக்கும் அதன் மரபணு மீண்டும் திறக்கிறது. அதனால் பிரிவுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாமல் போகிறது. கட்டியின் நடுவில் ஆக்சிஜன் குறைந்தால், புதிய ரத்தக்குழாயை அழைக்கும் வி.ஈ.ஜி.எஃப். கூடுகிறது. செல்லோடு செல்லைப் பிடித்துவைக்கும் ஈ-கேடெரின் குறைகிறது. சுற்றுப்புறத்தை அரித்து வழி செய்யும் நொதிகள் கூடுகின்றன.

இதில் எதுவுமே புற்றுநோய் செல் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. புண் ஆறும்போது செல்கள் நகர வேண்டும். கருவில் ரத்தக்குழாய் முளைக்க வேண்டும். அதற்கெல்லாம் தேவையான அறைகள் அந்த வீட்டில் முன்பே இருப்பவை. காரியம் முடிந்ததும் பூட்டியிருக்க வேண்டியவற்றை நோய் திறந்துவைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், புற்றுநோயை வெளியிலிருந்து வந்த அரக்கனாகச் சித்திரிக்கும் சுவரொட்டிகளை எல்லாம் கிழித்துவிடலாம்.

பி16 என்ற பெயரும் அறிக்கையில் இருந்தது. பக்கத்தில் ‘இல்லை’ என்று குறித்திருந்தார்கள். பி16 என்பது செல் பிரிவுக்கு ஒரு பிரேக். புகையிலை தொடர்பான கட்டிகளில் அந்த மரபணு பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும், அல்லது மெத்தில் ஒட்டி அடைபட்டிருக்கும். ஆனால் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் தொண்டையில், குறிப்பாக டான்சில் பகுதியில் வரும் புற்றுநோயில் பி16 குறைவதற்குப் பதில் குவிந்து கிடக்கும். பிரேக் அதிகம் இருந்தும் வண்டி ஏன் ஓடுகிறது? வைரஸின் ஈ7 புரதம் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் ஆர்.பி. என்ற புரதத்தை முடக்கிவிடுகிறது. கம்பி அறுந்த சைக்கிளில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் அது நிற்குமா? செல் பதறிப்போய் மேலும் மேலும் பி16 செய்துகொண்டே இருக்கிறது. அந்தப் பதற்றம்தான் மருத்துவருக்குத் துப்பு. தொண்டைக் கட்டியில் பி16 மிகுதி என்றால் வைரஸ் வகை என்று கொள்கிறார்கள். அவ்வகை பொதுவாகச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஐயாவுடையது அந்த வகை இல்லை. வெற்றிலைச் செல்லம்தான் காரணம் என்று ஆச்சிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. புகையிலையைத்தான் எல்லாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பாக்கு சபையில் தாம்பூலத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் கொட்டைப்பாக்கையும் 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் அதே பட்டியலில் சேர்த்தது. பாக்கிலிருக்கும் அரெகோலின் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் இருக்கும் நார் செல்களைத் தூண்டுகிறது. அங்கே கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் செய்யும் சீட்டுகள் கூடுகின்றன. அந்தக் கொலாஜனை முறுக்கிப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியும் கூடுகிறது. அந்த நொதிக்குத் தாமிரம் வேண்டும். பாக்கில் தாமிரமும் தாராளம். மெத்தென்றிருந்த கன்னம் தோல்வார் போல் இறுகிவிடும். இதில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் புற்றுநோயும் வரும்.

கன்னம் இறுகும் இந்த நோயின் முதல் அறிகுறி எரிச்சல். நேற்று வரை சாப்பிட்ட அதே காரம் இன்றைக்குப் பொறுக்காது. எங்கள் ஊரில் இதை யார் நோயென்று நினைப்பார்கள்? ‘மிளகாயைக் கொட்டிவிட்டாள்’ என்று சமையற்கட்டின் மேல் பழி போடுவார்கள். அடுத்து வாய் திறப்பது குறையும். நிமிர்த்திய மூன்று விரல்களை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைக்க முடிகிறதா என்று பார்ப்பது மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை. பாக்கு போடுபவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதோடு, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படரும் திட்டு எதுவானாலும் காட்டிவிட வேண்டும்.

சீட்டுகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஆச்சியின் மகன் பின்னொரு நாள் கேட்டார். கட்டியில் ஒரு துண்டும் அருகிலுள்ள நலமான பகுதியில் ஒரு துண்டும் எடுத்து, இரண்டிலிருந்தும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, இயந்திரத்தில் படித்து, மரபணு வாரியாக எண்ணிக்கையை ஒப்பிடுவார்கள். கேட்க நேராக இருக்கிறது. இதில் இரண்டு வில்லங்கம் உண்டு. ஒன்று, அருகிலுள்ள பகுதி உண்மையில் நலமானதா? புகையிலையின் நச்சு கன்னம் முழுவதையும் நனைத்திருக்கிறது. கட்டியைச் சுற்றித் தோற்றத்தில் நன்றாக இருக்கும் இடமும் உள்ளே மாறத் தொடங்கியிருக்கும் என்பதை ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் 1953-லேயே எழுதினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பக்கத்திலேயே இன்னொரு கட்டி முளைப்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு வில்லங்கம் மசாலா அரைப்பது போன்றது. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்துவிட்டால், வாசனை வரும். எது எத்தனை போட்டது என்று சொல்ல முடியாது. கட்டி என்பதும் புற்றுநோய் செல் மட்டும் இல்லை. நார் செல், ரத்தக்குழாய், நோய் எதிர்ப்பு செல் எல்லாம் கலந்த கூட்டம். மொத்தமாக அரைத்து எண்ணினால் கிடைப்பது சராசரிதான். அதனால் இப்போது செல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் சீட்டையும் எண்ணுகிறார்கள். 2017-இல் 18 நோயாளிகளின் சுமார் 6,000 செல்களை இப்படிப் படித்த ஆய்வு ஒன்று, கட்டியின் ஓரத்தில் நிற்கும் செல்கள் நடுவில் இருப்பவற்றைப் போல் இல்லை என்று காட்டியது. ஓரத்துச் செல்கள் தோல் செல்லின் குணத்தை முழுதும் விடாமல், நகரும் செல்லின் குணத்தைப் பாதி எடுத்துக்கொண்டு அரைகுறை வேஷத்தில் நிற்கின்றன. கழுத்து நெறிகட்டிகளுக்குப் பரவுவதோடு அந்த வேஷத்துக்குத் தொடர்பு இருந்தது. அரைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இதெல்லாம் நோயாளிக்கு என்ன தருகிறது? நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். ஈ.ஜி.எஃப்.ஆர். மிகுதி என்று தெரிந்ததும் அதை அடைக்கும் செடுக்ஸிமாப் மருந்து வந்தது. 2006-இல் அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பத்துக் கட்டியில் எட்டு ஒன்பதில் ஈ.ஜி.எஃப்.ஆர். கூடியிருந்தும், முந்தைய மருந்துக்கு மசியாதவர்களுக்கு அதைத் தனியாகக் கொடுத்தபோது கட்டி சுருங்கியது ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குத்தான். அறை திறந்திருக்கிறது என்பதாலேயே வீடு அந்த அறையை நம்பி நடக்கிறது என்று ஆகிவிடாது. எதிர்ப்பு செல்களை ‘போ’ என்று திருப்பியனுப்பும் பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவு இப்போது நடைமுறையில் பயன்படுகிறது. முற்றிய நிலையில் எதிர்ப்புத் திறன் மருந்து யாருக்குப் பயன்படக்கூடும் என்று கணிக்க அதைப் பார்க்கிறார்கள். மற்றபடி வாய்ப் புற்றுநோய்க்கு இன்றும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும்தான் முதுகெலும்பு.

இனி ஆச்சியின் கேள்வி. ஐயாவின் கன்னத்தில் நேர்ந்த பிழைகள் அந்தக் கன்னச் செல்களில், அவர் வாழ்நாளில் நேர்ந்தவை. பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருக்கும் டி.என்.ஏ. மட்டும். அவர் வெற்றிலை போட்டுக் கெடுத்தது ஒரு வீட்டின் பூட்டுகளை. மகன் தனியாகக் கட்டிக்கொண்ட வீட்டுக்கு அந்தக் கேடு போகாது. ஃபான்கோனி ரத்தசோகை போன்ற அரிய பரம்பரைக் கோளாறுகளில் வாய்ப் புற்றுநோய் இளவயதிலேயே வருவதுண்டு. அவற்றுக்கு வேறு அடையாளங்கள் இருக்கும். எழுபது வயதில், ஐம்பது ஆண்டுப் புகையிலைக்குப் பின், புகையிலை ஒதுக்கிய இடத்திலேயே வந்தது அந்தக் கணக்கில் சேராது. குடும்பத்தில் பலருக்கு இந்நோய் வருவதைப் பார்த்திருக்கிறோமே என்றால், ஒரே வெற்றிலைச் செல்லத்தில் கைவைத்தவர்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

“அப்படியென்றால் வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வரும்போது நீயும் வந்து இதைச் சொல்லிவிடு” என்றார் ஆச்சி. வருகிறேன் என்றேன். பையை மடித்தவர் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார். அவர் புகையிலை தொட்டதில்லை, பாக்குச் சீவல் மட்டும்.

“இரண்டு போகிறது தம்பி. மூன்றாவது இடிக்கிறது.”

ஐயாவை அழைத்துப் போகும் செவ்வாய்க்கிழமையே ஆச்சியும் காட்டிக்கொள்வது என்று முடிவானது. காரில் எனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னேன்.